பின் டயர் மட்டும் பெருத்தால்

கார்ப் பைத்தியங்களில் ஒரு கட்சி இருக்கிறது. ஒரு காரைக் கண்டால் முன்னால் போய் நிற்காது. நேரே பின்பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, டயர் எத்தனை அகலம் என்று பார்க்கும். என் மச்சினன் அந்தக் கட்சியில் மாவட்டச் செயலாளர்.

சேலத்தில் கூரை திறக்கும் கார் வைத்திருப்பதே ஒரு விரதம். முக்கால்வாசி வருஷம் வெயில் மண்டையைப் பிளக்கும். கூரையைத் திறந்தால் ஐந்து ரோட்டுச் சிக்னலிலேயே வறுபட்டுவிடலாம். அதனால் அவன் வண்டி அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் போகிற வரைக்கும் மூடியேதான் போகும். அதற்குப் பிறகுதான் கூரை மடங்கி டிக்கிக்குள் இறங்கும். அங்கிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு. அந்தக் கார் உயிரோடு இருப்பது அந்த 20 வளைவுக்காகத்தான்.

கார், பழைய பி.எம்.டபிள்யூ ஸெட் 4. 2009-இல் வந்து 2016 வரை ஓடிய தலைமுறை. இரண்டே சீட்டு, இரும்புக் கூரை மடங்கும், பின்சக்கர இழுவை. கைமாறி இவனிடம் வந்தபோது 17 அங்குலச் சக்கரம், நாலிலும் ஒரே டயர்: 225/45. ஆள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, முன்னாடி 225 அப்படியே இருக்கட்டும். பின்னாடி 255 போட்டுறலாம். ஏற்காட்டு வளைவுல அப்படியே ஒட்டிக்கிட்டுப் போகும்."

"எது ஒட்டிக்கிட்டுப் போகும் மாப்ள? பின்னாடியா, முன்னாடியா?"

இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விதான்.

அகல டயர் போட்டால் ரோட்டில் படுகிற ரப்பர் கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி சுமார் 1500 கிலோ. முன்னும் பின்னும் ஏறக்குறையப் பாதிப் பாதி. ஆக ஒரு டயர் மேல் 375 கிலோ. உள்ளே 32 பி.எஸ்.ஐ. காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. வகுத்தால் 167 சதுர சென்டிமீட்டர். நம்ம ஊர் அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அந்த அளவை முடிவு செய்வது எடையும் காற்றும். டயரை அகலமாக்கினால் பரப்பு பெரிதாகக் கூடாது, வடிவம்தான் மாறும். நீளவாக்கில் 8 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது 7-க்குப் பக்கத்தில் வரும். குறுக்கே அந்த அளவுக்கு விரியும்.

வடிவம் மாறுவதால் பலனே இல்லையா என்றால், இருக்கிறது. வளைவில் திரும்பும்போது டயர் காட்டுகிற திசை ஒன்று, வண்டி போகிற திசை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் சின்னக் கோணம் விழும். குட்டையாக, அகலமாக உட்கார்ந்திருக்கும் டயருக்கு அதே பக்கவாட்டுப் பிடியைக் கொடுக்க இந்தக் கோணம் குறைவாகப் போதும். ரப்பர் மேல் சுமை சீராகப் பரவுவதால் சூடும் தாங்கும். ஆக, பின்னால் அகலமாகப் போட்டால் பின்பக்கம் கெட்டியாகப் பிடிக்கும் என்பது நிஜம். ஆனால் முன்பக்கம் பழைய 225-இலேயே நிற்கிறது. பின்பக்கம் விலகவே மாட்டேன் என்கிறபோது முதலில் பிடி விடுவது எது? முன் சக்கரம்தான். ஹேண்டிலைத் திருப்பியிருப்பீர்கள், வண்டி நேராகப் போகும். அண்டர்ஸ்டீர் என்று கார்க்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இதைச் சொன்னால் மச்சினனுக்கு ஒரே பதில்: "கம்பெனிக்காரனே போடுறானே மாமா." போடுகிறான்தான். எதற்குப் போடுகிறான் என்பதைப் பார்க்க வேண்டும். ஹோண்டா எஸ்2000 கதை இதற்குக் கச்சிதமான உதாரணம். கூரை திறக்கும் கார், பின்சக்கர இழுவை, 1999-இல் வந்தது. முன்னால் 205/55, பின்னால் 225/50, எல்லாம் 16 அங்குலம். ஓட்டத் தெரிந்தவன் கொண்டாடினான்; தெரியாதவன் வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு நின்றான். 2004 மாடலில் ஹோண்டா சக்கரத்தை 17 அங்குலமாக்கி, பின் டயரை 245/40 ஆக்கியது, சஸ்பென்ஷனையும் திருத்தியது. முன்னால் 215/45. அதாவது முன்னால் 10 மில்லிமீட்டர் கூட்டிய இடத்தில் பின்னால் 20. வண்டியின் வாலைக் கட்டிவைக்கத்தான் அது. கடைசியில் அமெரிக்காவுக்கென்று வந்த சி.ஆர். வகையில் பின்னால் 255/40 வரை போனார்கள், முன்னால் அதே 215. 

மறுபக்கம் மாஸ்டா எம்.எக்ஸ்-5. இப்போதைய தலைமுறையில் நாலு சக்கரத்துக்கும் ஒரே டயர், 195/50 ஆர்16 அல்லது 205/45 ஆர்17. பின்சக்கர இழுவைதான். கூரை திறக்கும் கார்களில் வளைவுக்குப் பேர் போனது. அகலத்தில் கஞ்சத்தனம் காட்டியே பேர் வாங்கியது. இந்தியாவில் விற்கவில்லை என்பது நம் தலையெழுத்து.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். இந்த மலைப்பாதை வேகத்துக்கு டயர் எல்லையெல்லாம் வருமா என்று நீங்கள் கேட்கலாம். கொண்டை ஊசியில் வரும். உள்பக்கம் ஒட்டி வளைந்தால் ஆரம் 10 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டரில் திரும்பினால் பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் சரிபாதி. உடம்பு நன்றாகவே சாயும், வயிற்றில் இருக்கிற இட்லி இடம் மாறும். அதையே 35-இல் எடுத்தால் புவியீர்ப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். சாதாரண ரோட்டு டயருக்கு அதுதான் விளிம்பு. நடுவில் இருப்பது வெறும் 10 கிலோமீட்டர் வேகம். பனி இறங்கி ரோடு நனைந்து, சில்வர் ஓக் இலை ஒட்டிக் கிடந்தால் அந்த இடைவெளியும் சுருங்கிவிடும். அந்த இடத்தில் உங்களுக்குத் தேவை, திருப்பினால் திரும்புகிற முன் சக்கரம். எதிரே பஸ் முழு வளைவையும் எடுத்துக்கொண்டு இறங்கி வரும்போது, பின் டயர் 255 என்ற செய்தி உங்களுக்கு எந்த விதத்திலும் ஆறுதல் தராது.

ஏறும்போது எடை பின்னால் போகுமே, அதற்குப் பின் டயர் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று ஒரு வாதம் உண்டு. ஏற்றத்தால் போகிற எடை கொஞ்சம்தான். 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறுகிற ரோட்டில் இந்த வண்டிக்கு முன்னிலிருந்து பின்னுக்கு நகர்வது 20 கிலோ அளவுதான். வளைவு முடிந்ததும் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தால் அதைப்போல நாலு மடங்கு நகரும். அங்கே அகலப் பின் டயர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். கொண்டை ஊசியில் வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது. உள்பக்கப் பின் சக்கரத்தில் சுமை குறைகிறது. சாதா டிஃபரன்ஷியல் வைத்த வண்டியில் முதலில் சுழல்வது அந்தச் சக்கரம். மேலே எடையே இல்லாத டயர் எவ்வளவு அகலமாக இருந்து என்ன? கம்ப்யூட்டர் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியைக் கரையேற்றும். மீட்டரில் மஞ்சள் விளக்கு சிமிட்டும்.

இறங்கும்போதுதான் மச்சினன் கட்சிக்கு நியாயம் கிடைக்கிறது. இறக்கத்தில், அதுவும் பிரேக் போட்டுக்கொண்டு வளையும்போது, எடை முன்னால் வந்துவிடும், பின்பக்கம் லேசாகிவிடும். இரண்டாம் கியரில் இன்ஜின் பிடித்துக்கொண்டு இறங்கினால் அந்தப் பிடிப்பும் பின் சக்கரத்தில்தான் விழும். ஈர ரோட்டில் வால் கொஞ்சம் ஆடும். அங்கே பின் டயர் கனமாகப் பிடித்தால் நெஞ்சு படபடப்பு குறையும். ஆக, ஏற்காட்டுக்கு ஏறும்போது இடைஞ்சல், இறங்கும்போது துணை. இதுதான் என் தீர்ப்பு, மச்சினன் மேல்முறையீடு செய்திருக்கிறான்.

நடுவில் ஒரு விஷயம். நம் நாட்டிலேயே கூரை திறக்கும் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று செய்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? சான் ஸ்டார்ம். கோவாவில் தயாரானது, ஃபைபர் கிளாஸ் உடம்பு, ரெனோ கம்பெனியின் 1149 சி.சி. இன்ஜின், 60 குதிரை சக்தி. தெருவில் பார்ப்பது அரிது. அப்படி அபூர்வமாக வைத்திருப்பவர்களும் ஸ்போர்ட்ஸ் காராச்சே என்று பின்னால் அகலச் சக்கரம் மாட்ட ஆசைப்படுவதுண்டு. அய்யா, அது முன்சக்கர இழுவை. இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு தாங்குவது எல்லாமே முன் டயர். அதில் பின் சக்கரத்தைப் பெருக்கடிப்பது வெறும் மேக்கப். அதற்கும் முந்தி 1961-இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஹெரால்டு செய்தது. 13 அங்குல ஒல்லி டயர்தான். ஆனால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஏற்காட்டு வளைவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

மச்சினன் கேட்கிற ஆள் இல்லை. ஆகவே செய்வதாக இருந்தால் ஒழுங்காகச் செய் என்று உட்கார வைத்து அளவு பேசினோம். பலர் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டயரில் எழுதியிருக்கும் 225/45 ஆர்17 என்பதில் 225 அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மொத்த உயரம் கணக்கிட்டால் 634.3 மில்லிமீட்டர். இந்தத் தலைமுறை ஸெட் 4-க்கு 18 அங்குலத்தில் கம்பெனியே கொடுக்கும் ஜோடி முன்னால் 225/40, பின்னால் 255/35. முன்னது 637.2, பின்னது 635.7. அகலத்தில் 30 மில்லிமீட்டர் வித்தியாசம், உயரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஏ.பி.எஸ்ஸும் வழுக்கல் தடுக்கும் கம்ப்யூட்டரும் நாலு சக்கரத்தின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் இவ்வளவு நுணுக்கம்.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "255/35 ஆர்டர் போட்டுத்தான் வரும் சார், 255/40 கையில இருக்கு, பக்கத்துப் பக்கத்து சைஸ்தானே." பக்கத்து சைஸ் இல்லை. 255/40 ஆர்18 உயரம் 661 மில்லிமீட்டர். முன் டயரைவிட ஏறக்குறைய 4 சதவீதம் பெரிசு. பின் சக்கரம் எப்போதும் மெதுவாகச் சுற்றுவதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும், விளக்கு எரியும். போதாததற்கு கியர் விகிதமும் 4 சதவீதம் நீண்டுவிடும். ஏற்றத்தில் இழுவை குறையும்.

முன்னும் பின்னும் ஒரே உயரம் இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. போர்ஷே 718 பாக்ஸ்டரில் முன்னால் 235/45 ஆர்18, பின்னால் 265/45 ஆர்18. பின்னது 27 மில்லிமீட்டர் உயரம் கூட. அந்தக் கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறதோ, அந்த விகிதத்தைக் கலைக்கக் கூடாது.

அடுத்து ரிம். 255 டயரை 8 அங்குல ரிம்மில் திணித்தால் நடுவில் உப்பிக்கொள்ளும். எட்டரையாவது வேண்டும், 9 இருந்தால் நல்லது. அதன் பிறகு ஆஃப்செட். சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். பழைய ரிம் 8 அங்குலம், ஆஃப்செட் 30 என்று வையுங்கள். அதே 30-இல் 9 அங்குல ரிம் போட்டால் உள்ளேயும் வெளியேயும் தலா 12.7 மில்லிமீட்டர் நீளும். ஆஃப்செட் 40 என்றால் சக்கரம் 10 மில்லிமீட்டர் உள்ளே நகரும்: வெளிப்பக்கம் வெறும் 2.7, உள்பக்கம் 22.7. ஆஃப்செட் 20 என்றால் நேர் எதிர். டயர் ஃபெண்டருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். சேறு முழுக்கக் கதவில் அடிக்கும், போலீஸ்காரர் கண்ணிலும் படும்.

புது ஸெட் 4-இன் சக்கரம் ஓ.எல்.எக்ஸில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு நாள் படம் அனுப்பினான். புதியதில் போல்ட் வட்டம் 112 மில்லிமீட்டர், பழையதில் 120. மாட்டவே முடியாது. நடு ஓட்டையும் 66.6-க்கு 72.6. அடாப்டர் வைத்து மாட்டித் தருகிறேன் என்று சொல்ல எந்த ஊரிலும் ஒரு லேத் பட்டறை இருக்கும். 1500 கிலோ வண்டி, 20 கொண்டை ஊசி, நடுவில் உள்ளூர் அலுமினிய வளையம். நான் அந்தக் காரில் ஏற மாட்டேன். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கிற ஸ்பேசரும் அப்படியே: போட்டால் ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும், ஸ்பேசர் தடிமனுக்கு ஏற்றபடி போல்ட்டும் நீளமாக வேண்டும். பழைய போல்ட்டையே போட்டு முடுக்கினால் நாலு மரைதான் பிடித்திருக்கும்.

கடைசியில் அதே தலைமுறைக்குரிய அசல் 18 அங்குலச் சக்கரம் ஒரு செட் பெங்களூரில் கிடைத்தது. மாட்டுகிற அன்று கூடவே போனேன். ஜாக்கியில் தூக்கி, பின் சக்கரத்தை டயரோடு முதலில் கையால் மட்டும் மாட்டச் சொன்னேன். உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவில் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. வெளியே ஃபெண்டரின் உள்மடிப்பில் சாக்பீஸைத் தடவினோம். பிறகு வண்டியை இறக்கி, டிக்கியில் இரண்டு பேரை உட்கார வைத்து, ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். டயரின் தோளில் சாக்பீஸ் வெள்ளை ஒட்டியிருந்தால் உரசுகிறது என்று அர்த்தம். ஒட்டவில்லை. தொழிற்சாலை அளவில் ஒட்டக் கூடாதுதான். இருந்தாலும் வேறு அளவு போடுகிறவர்கள் யாரும் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள். பாதி வழியில் மூன்றாவது வளைவில் கேட்கிற 'சரக்' சத்தம் ரொம்பச் செலவு வைக்கும்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2321 என்றால் 2021-இன் 23-ஆம் வாரம். இந்த மாதிரி அளவுகள் கடையில் வேகமாக நகராது; அலமாரியிலேயே வயசாகிக் கிடக்கும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வைத்த பிறகு பெரிய சைஸ்களில் தெரிவு இன்னும் சுருங்கியது. புதுசு என்று விற்கிற பழசை வாங்கிவிடாதீர்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அசல் விவரக்குறிப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் இருந்தால் பேச உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். இன்சூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் அவர்கள் காதில் விழாது.

மலையேறினோம். கோடை விழாக் கூட்டமெல்லாம் அடங்கிய ஒரு சாதாரணக் கிழமையில். முதலில் தெரிந்தது பிடி அல்ல, சத்தம். கூரை திறக்கும் காருக்கு உடம்பின் விறைப்பு குறைவு. மேலே கட்டிப்பிடிக்க ஒன்றும் கிடையாது. பக்கச்சுவர் 101 மில்லிமீட்டரிலிருந்து பின்னால் 89-க்கு இறங்கியதால், ஒட்டுப்போட்ட ரோட்டில் ஒவ்வொரு ஒட்டும் சீட்டு வழியாக வந்து பேசியது. கூரையை மூடினால் மடிப்புகள் கிறீச்சிட்டன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து போக்குவரத்தே நின்ற பாதை இது. ரோட்டின் ஓரங்களை நம்பி ஒரு சக்கரத்தையும் இறக்கக் கூடாது, அதிலும் 35 பக்கச்சுவரோடு.

வளைவுகளில் கணக்கு சொன்னபடியே நடந்தது. ஆக்ஸிலேட்டரில் மஞ்சள் விளக்கு முன்பைவிடக் குறைவாகச் சிமிட்டியது. ஆனால் கொஞ்சம் வேகமாக நுழைந்தால் மூக்கு வெளியே தள்ளியது. மச்சினன் ஹேண்டிலை இன்னும் இன்னும் ஒடித்தான். 17 அங்குலத்தில் அப்படி நுழைந்தால் காலை லேசாக எடுத்தாலே வண்டி தானாக உள்ளே திரும்பிக்கொள்ளும். அந்தக் குறும்பு போய்விட்டது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அவனுக்கு அது இல்லாதது நிம்மதியாக இருக்கிறதாம். இறங்கும்போது ஈரத்தில் வால் அசையவே இல்லை என்பதை நான் ஒப்புக்கொண்டேன்.

செலவுப் பக்கம் ஒன்று பாக்கி. நாலும் ஒரே அளவாக இருந்தபோது முன்னது பின்னால், பின்னது முன்னால் என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யலாம். இனி முடியாது. பி.எம்.டபிள்யூ பின் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும். அகல டயரின் உள்விளிம்பு முதலில் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் புதுசாகத் தெரியும். அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தால்தான் கம்பி எட்டிப் பார்ப்பது புரியும். பழைய 17 அங்குலச் செட்டை விற்றுவிடாதே, மழைக்காலத்துக்கு அதுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அகல டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும்.

இப்போது அவன் முன்னாலும் 245/35 போட்டால் மூக்குத் தள்ளல் போய்விடுமா என்று கேட்கிறான். போகும். 8 அங்குல ரிம்மில் 245 உட்காரும். உயரம் 628.7, பின்னதைவிட 7 மில்லிமீட்டர் குறைவு, ஒரு சதவீதத்தை ஒட்டி வருகிறது, சமாளிக்கலாம். ஆனால் பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் கூடும். ஹேண்டிலை முழுசாக ஒடித்தால் ஃபெண்டர் லைனரில் இடிக்குமா என்பதை ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸோடு போய்ப் பார்க்க வேண்டும்.